ஆட்டம் தள்ளிப்போச்சு, பணம் எங்கே?

(டிசம்பர் 2019)

கேள்வி: டிசம்பர் 12 அன்று கவுகாத்தியில் நடக்கவிருந்த சென்னையின் எப்.சி. – நார்த் ஈஸ்ட் யுனைடெட் ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டத்துக்கு நால்வர் விமான டிக்கெட் எடுத்தோம். குடியுரிமைச் சட்டப் போராட்டம், ஊரடங்கு. ஆட்டம் ஒத்திவைப்பு, விமானமும் ரத்து. பணத்தை 'வாலட்'டில்தான் போடுவோம் என்கிறது டிக்கெட் எடுத்த இணையதளம். – வியாசர்பாடி வாசகர்

பதில்: விடாதீர்கள். இந்த வாலட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் பணத்தை அவர்கள் கடையிலேயே செலவழிக்கச் சொல்வதற்குப் பெயர் ரீஃபண்டா? விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கணக்கில் வரவு வைத்துக்கொள்வது பயணி விரும்பினால் மட்டும்தான். ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பொறுப்பு விமான நிறுவனம்தான்; 2019 நிலவரப்படி 30 வேலை நாள் கெடு. இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடுங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000. ஒன்று, கலவரம் நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்பதால் அதற்கு மேல் நஷ்டஈடு கேட்க முடியாது.

கேள்வி: எங்கள் விமானம் பறந்தது. ஆட்டம் இல்லையே என்று நாங்கள்தான் போகவில்லை, கேன்சலும் செய்யவில்லை. கிளப் பணம் தருமா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: தராது. விமான டிக்கெட்டை கிளப்பா விற்றது? அந்த வாரம் சில நிறுவனங்கள் கவுகாத்தி டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணமே வேண்டாம் என்றன. ஒரு போன் செய்ய முடியவில்லையா உங்களுக்கு? சரி, போகாத டிக்கெட்டிலும் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரும். அதையாவது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டேடியம் டிக்கெட்டை கவுகாத்தி நண்பர் எடுத்திருந்தார். இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை. ஏமாற்றுகிறாரோ? – வேளச்சேரி வாசகர்

பதில்: அங்கே மொபைல் இணையத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் ஐயா. போன் போட்டு, முதலில் அவர் நலமா என்று கேளுங்கள்.

கேள்வி: ரீஃபண்டுக்காக இணையத்தில் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்தேன். ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். ரூ.18,000 போய்விட்டது. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. – புளியந்தோப்பு வாசகி

பதில்: கூச்சப்பட வேண்டியவன் அவன், நீங்கள் இல்லைம்மா. இதைப் படித்த கையோடு வங்கிக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சைபர் கிரைம் போலீஸ். 2014-ல், ஐ.எஸ்.எல். தொடங்கிய வருஷம், நேரு ஸ்டேடியம் வாசலில் இரண்டு மடங்கு கொடுத்து பிளாக்கில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். இரண்டும் முடிந்துபோன ஆட்டத்தின் டிக்கெட். கூட வந்த மகன் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. நுகர்வோர் பகுதி எழுதுகிறவன் கதையே இது.

கேள்வி: ஒத்திவைத்த ஆட்டத்துக்கு 'கன்ஃபர்ம்டு' டிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? – தாம்பரம் வாசகர்

பதில்: புது தேதியையே இன்னும் அறிவிக்கவில்லை. அவர் என்ன தேதி போட்டுத் தந்தார்?