காது மெஷினைப் பற்றி ஒரு ராப் பாட்டு: கேள்வி பதில்

பிரெஞ்சு ராப் பாடகர் எம்சி சோலார் 2017 நவம்பரில் வெளியிட்ட 'ஜெயோபொயெதீக்' ஆல்பத்தைப் பற்றி நான் இரண்டு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணா, சோலார் யார்? அமெரிக்க ராப் மட்டும்தான் எனக்குப் பழக்கம். (மஞ்சக்குப்பம், கடலூர்)

செனகலின் டக்கார் நகரில் 1969இல் பிறந்தவர். பெற்றோர் சாட் நாட்டுக்காரர்கள். வளர்ந்தது பாரிஸ் புறநகரில். 1991இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே ஒரு சொல் விளையாட்டு. 'காற்றை விதைப்பவன் புயலை அறுப்பான்' என்று பிரெஞ்சில் பழமொழி உண்டு, நம்ம 'வினை விதைத்தவன்' மாதிரி. அதில் புயலுக்கான 'தாம்பேத்'தை எடுத்துவிட்டு 'தெம்போ'வைப் போட்டார், அதாவது தாளம். இந்தக் குறும்புதான் சோலார். எதுகை மோனை பிடித்த தமிழ்க் காது அவரிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பத்து வருஷம் காணாமல் போனவர், திரும்பி வந்து இப்படி மெதுவாகப் பாடினால் எப்படி? வேகம் போய்விட்டதே. (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வேகம் போகவில்லை தம்பி, தேவைப்படவில்லை. 2007இல் 'ஷபீத்ர் 7' ஆல்பம், அப்புறம் 2017இல்தான் இது. அப்போது அவருக்கு வயது 48. இருபத்திரண்டு வயதுப் பையன் மாதிரி மூச்சு விடாமல் கொட்டியிருந்தால் எனக்குச் சிரிப்புதான் வந்திருக்கும்.

'சோனோதோன்' பாட்டைக் கேளுங்கள். வயதாவதைப் பற்றி, இளமை திரும்பக் கிடைக்காதா என்ற ஆசையைப் பற்றி. சோனோதோன் என்றால் காது மெஷின். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ரொம்பப் பழசு. தாத்தா பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். "என் சோனோதோன் எங்கடா?" என்றுதான் காலையில் எழுவார். பாட்டரியைப் பொடி டப்பாவில் போட்டு வைத்திருப்பார். யாராவது கட்டிப்பிடித்தால் காதிலிருந்து 'கீ' என்று விசில் வரும். தாத்தாவின் அந்தச் சொல்லை ஒரு ராப் பாட்டின் தலைப்பாகப் பார்த்தபோது முதலில் சிரித்தேன். பாட்டு முடிந்தபோது சிரிப்பு இல்லை. தன் வயதை ஒளிக்காத ராப் பாடகர் எனக்கு வேண்டும். இந்த ஆல்பத்தில் கிடைத்தார்.

ஆனால் சார், பிரான்ஸின் விக்துவார் இசை விருதில் இதற்கு 'சான்சோன்' பிரிவில்தானே பரிசு கொடுத்தார்கள்? அப்போ இது ராப் இல்லை என்றுதானே அர்த்தம்?

2018இல் கொடுத்தார்கள், உண்மை. சொல்லுக்கு முதல் மரியாதை தரும் பாட்டு மரபுக்கு அங்கே சான்சோன் என்று பெயர். சோலார் புதிதாக அந்தப் பக்கம் தாவவில்லை. 1994இல் வந்த 'ப்ரோஸ் கோம்பா' ஆல்பத்திலேயே பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரின் பழைய பாட்டை வெட்டி எடுத்து அதன்மேல் ராப் செய்தவர். ஒரு கால் எப்போதும் அங்கேதான் இருந்தது.

பழைய ஆல்பங்கள் ரொம்ப நாள் எங்கேயும் கிடைக்கவில்லையே, ஏன்?

இசை நிறுவனத்தோடு வழக்கு. சுமார் இருபது வருஷம் கடையிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. 2021இல்தான் முதல் இரண்டும் மறுபடி வந்தன. இடைப்பட்ட காலத்தில் பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கொடுத்த சிடிதான் எனக்குச் சொத்து.

அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீயின் '4:44' ஆல்பம் கூட அதே 2017தானே? எது பெரிசு?

அதே வருஷம்தான். ஜே-ஸீக்கு அப்போது 47. அதில் தன் தப்பை மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார், பணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிப் பேசுகிறார். நேர்மையில் அதுதான் மேல் என்பேன். சொல் நயத்தில் சோலார். போதும், இந்தச் சண்டையை இழுக்காதீர்கள்.

எனக்கு பிரெஞ்சு 'போன்ழூர்' அளவுக்குத்தான். எப்படிக் கேட்பது அங்கிள்?

முதல் இரண்டு தடவை வரிகளைத் தேடாதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு, ஒரே எழுத்து எங்கே திரும்பத் திரும்ப விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் பொருள் தேடலாம். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதி புரியவில்லை என்று அவரே திட்டுவார், அதுவும் ஒரு சுகம்.

அண்ணா, அந்த சிடி ஒரு வாரம் கிடைக்குமா?

கிடைக்காது. 'ப்ரோஸ் கோம்பா' 2009இல் ஒருவரிடம் போனது. இன்னும் முதலியார்பேட்டையில்தான் எங்கேயோ இருக்கிறது.