பிடித்துக்கொண்ட டிஸ்ட்ரிபியூட்டரைச் சூடாக்கிக் கழற்றலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் நிலத்தில் தாத்தா காலத்து ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டர் இருக்கிறது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. பல வருடமாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. ஹேண்டில் போட்டால் என்ஜின் சுற்றுகிறது. ஆனால் ஒரு பிளக் கழலவில்லை. பிளக்குகளுக்கு வரிசையாக மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரோ அசையவே மாட்டேன் என்கிறது. காஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கினால் வந்துவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: பிளக்குக்கும் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வேண்டாம். பக்கத்திலேயே கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் இருப்பது ஒரு காரணம். பிளக் பிடித்திருப்பது துருவால். டிஸ்ட்ரிபியூட்டர் பிடித்திருப்பது பெரும்பாலும் வேறு காரணத்தால். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டுங்கள் (வெடிக்கும் வரிசை 1-3-4-2). டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைத் (மூடியை) திறந்து, ஹேண்டிலைச் சுற்றும்போது உள்ளே நடுவில் இருக்கும் ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது, பிடித்திருப்பது வெளி உடல் மட்டும்தான். சுற்றாவிட்டால் உள்ளே பின்னோ கியரோ உடைந்திருக்கும். அதற்கு மேல் ஹேண்டிலைத் தொடாதீர்கள்.

பிளக் சுலபம்தான். ஹெட் வார்ப்பிரும்பு, பிளக்கும் இரும்பு. சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்கிவிட்டு, அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் சரிபாதி கலந்து மரை ஓரத்தில் ஊற்றுங்கள். இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் ஆழமான பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு. பிறகு கழற்றும் பக்கம். கொஞ்சம் நகர்ந்ததும் இழுத்துக் கழற்றிவிடாமல், மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பீங்கான் உடையும், சில சமயம் பிளக்கின் மேல்பாதி மட்டும் கையோடு வரும். பிளக்குகள் எல்லாம் வந்ததும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றுங்கள்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர். கையில் ஒரு காந்தம் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலும் அது உட்கார்ந்திருக்கும் வார்ப்பிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒட்டினால் இரண்டும் இரும்பு, எண்ணெயும் பொறுமையும் போதும். உடலில் ஒட்டாமல் வார்ப்பில் ஒட்டினால் அலுமினியம் இரும்புக்குள் மாட்டியிருக்கிறது. ஈரம் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து, அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும்.

காஸ் வெல்டிங் கெடுப்பது இங்கேதான். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 மி.மீ. துளையை 70 டிகிரி சூடேற்றினால் இரும்புத் துளை சுமார் 0.02 மி.மீ. பெரிதாகும், உள்ளே இருக்கும் அலுமினியமும் அதே அளவு சூடானால் 0.05 மி.மீ. பருக்கும். மொத்தமாகச் சூடாக்கினால் இறுக்கம் கூடத்தான் செய்யும். வெளி வார்ப்பு மட்டும் சூடாக வேண்டும், உள் உடல் குளிர்ந்தே இருக்க வேண்டும்.

வேலூர் வெயிலில் மத்தியானம் எல்லா இரும்பும் ஏற்கெனவே கொதிக்கும். எண்ணெய் ஊறவைக்க அது நல்ல நேரம், கழற்றுவதற்கு அல்ல. கழற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் முழுக்க ஆவியாகி, எண்ணெய் சிந்தியதையும் துடைத்த பிறகுதான் சூடு. ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சுற்றிக் கால் மணி நேரம் கட்டுங்கள். பிறகு கொதிநீரில் நனைத்துப் பிழிந்த கோணித் துணியை வார்ப்பின் மேல் சுற்றுங்கள். தண்ணீரை நேராக ஊற்றினால் என்ஜினுக்குள் இறங்கும். உடனே, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பழைய சைக்கிள் டியூபை உடலில் சுற்றிப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகுங்கள். திருகத் தொடங்கினால்தான் மேலே தூக்க வேண்டும். ஸ்குரூடிரைவரை ஒரு பக்கம் நுழைத்து நெம்பினால் விளிம்பு உடையும். பழைய வார்ப்புக்கு மாற்று கிடைப்பது அபூர்வம். திருகுவதற்கு முன் உடலிலும் வார்ப்பிலும் ஒரே கோடாகக் கீறிவைத்தால் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) தப்பாது.

வெளியே வந்ததும் ரோட்டரை விரலால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்து தானாகத் திரும்ப வேண்டும். நகராவிட்டால் அடியில் உள்ள, வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்னதாக்கும் எடைகளும் பாயிண்டைத் திறக்கும் கேமும் பழைய கிரீஸில் பிசின்போல ஒட்டியிருக்கின்றன. கேமைத் தூக்கும் முன் எந்தப் பக்கம் இருந்தது என்று அடையாளம் வையுங்கள். அரைச்சுற்று மாறிப் போட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும், கிரீஸ் கூடாது. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று தளர்வாகத் தொங்கினால் பதறவேண்டாம், சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் அது அப்படித்தான் இருக்கும். அதை இறுக்கிச் 'சரிசெய்து' பெருமைப்படுபவர்கள் உண்டு. பிறகு வேகம் ஏறும்போது இழுவை போய்விடும்.

பாயிண்ட் என்பது திறந்து மூடி ஸ்பார்க்கை வரவழைக்கும் சின்ன சுவிட்ச். அதன் அசையும் கை, அது மாட்டியிருக்கும் முளையில் ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறந்தபடியே நிற்கும், ஸ்பார்க் வராது. முளையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் போடுங்கள். பாயிண்ட் முகத்தை மட்டும் உப்புத்தாளால் தொடவேண்டாம், மணல் பதிந்துவிடும். மெல்லிய அரத்தால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவே இழுங்கள். பழைய லூக்காஸ் பாயிண்டுகளுக்கு இடைவெளி 0.25 முதல் 0.30 மி.மீ., பிந்தியவற்றுக்கு 0.35 முதல் 0.40. உங்களிடம் இருப்பது எது என்று கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள்.

பேட்டரியைத் திரும்பப் பூட்டும்போது கவனம்: இந்த டிராக்டரில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். ஆயிலை மாற்றிவிட்டு, பெட்ரோலில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். நன்றாகச் சூடேறும் முன் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினால் எரியாத மண்ணெண்ணெய் ஆயிலில் கலந்து அதை நீர்த்துவிடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். டைமிங் முன்னால் போயிருந்தால் ஹேண்டில் திருப்பி உதைக்கும், கட்டைவிரல் முறியும்.