மிச்சமாகும் கட்டி எங்கே போகிறது?

கொழும்பில் ஒரு நோயியல் ஆய்வுகூடத்தில் 16 வருடமாக வேலை செய்கிறேன். புற்றுநோய் ஆய்வுக்காக நோயாளிகளின் இழைய மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ‘இழைய வங்கி’ பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அம்மாவுக்கு மார்பில் கட்டி. சத்திரசிகிச்சைக்கு முன் இழைய வங்கிக்கென்று ஒரு படிவம் தந்தார்கள். கையொப்பம் வைத்தால் கூடுதலாக வெட்டுவார்களா, அண்ணா?

இல்லை தங்கச்சி. சிகிச்சைக்கு எவ்வளவு எடுக்க வேண்டுமோ அவ்வளவுதான். அதிலும் முதல் உரிமை அம்மாவின் றிப்போட்டுக்கு. மிச்சமிருந்தால்தான் வங்கிக்குப் போகும். கட்டி சிறியதென்றால் வங்கிக்கு ஒன்றுமே கிடைக்காது. சில ஆய்வுகளுக்கு ஒரு குழாய் இரத்தம் கூடுதலாகக் கேட்பார்கள், அது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒப்பம் வைக்காவிட்டால் சிகிச்சை தாமதமாகும் என்று யாராவது சொன்னால், வைக்கவே வேண்டாம்.

கேள்வி (மருத்துவபீட மாணவர்): மெழுகுக் கட்டியா, உறையவைத்த மாதிரியா, எது சிறந்தது?

என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி. போமலினில், அதாவது இழையம் அழுகாமல் காக்கும் திரவத்தில், ஊறவைத்து மெழுகில் பதித்த இழையம் அலுமாரியில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கலங்களின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும். ஆர்என்ஏ முழுதாக வேண்டுமென்றால் திரவ நைதரசனில், அதாவது மறை 196 பாகையில், சட்டென்று உறையவைத்து மறை 80 பாகையில் வைக்க வேண்டும். மெல்ல உறைந்தால் பனிக்கட்டிப் பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் கிடந்த மீன் கறிச்சட்டியில் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

ஆனால் எந்த முறை என்பதைவிட எத்தனை நிமிடம் என்பதுதான் பெரிய விஷயம். சத்திரசிகிச்சையில் இரத்த ஓட்டத்தை நிறுத்திய கணத்திலிருந்தே கலங்கள் மூச்சுமுட்டி மாறத் தொடங்குகின்றன. மார்பக இழையம் 1 மணித்தியாலத்துக்குள் போமலினுக்குள் போக வேண்டும். போன பிறகு போமலினில் 6 முதல் 72 மணித்தியாலம் இருக்கலாம். போமலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் ஊடுருவும், ஆகவே பெரிய கட்டியை அப்படியே போத்தலில் போட்டால் நடுப்பகுதி கெட்டுவிடும். கீறித்தான் போட வேண்டும். இதில் பிசகினால் ஆய்வு மட்டுமல்ல, கட்டி ஹோமோனால் வளர்வதா என்று பார்க்கும் ஹோமோன் ஏற்பிப் பரிசோதனையும் பிழையாகலாம். நோயாளிக்கு ஹோமோனைத் தடுக்கும் தமொக்சிபென் மருந்தைக் கொடுப்பதா இல்லையா என்பது அந்தப் பரிசோதனையில்தான் தொங்குகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு ஒரு போத்தல் வந்தது. வெட்டிய நேரமும் இல்லை, போமலினில் போட்ட நேரமும் இல்லை. அருமையான கட்டி! வங்கியில் சேர்க்காமல் விட்டோம். நேரம் எழுதாத மாதிரி எனக்கு மாதிரியே அல்ல.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் உறைந்தவை என்னாகும்?

கதவைத் திறக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேற்றர், அதற்கு டீசல். அப்போது டீசலுக்கு நின்ற வரிசை நினைவிருக்கும்தானே? அதனால் ஒரே நோயாளியின் மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. மெழுகுக் கட்டிக்குக் கரண்டே தேவையில்லை. நம் நாட்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் மெழுகுக் கட்டிகளை ஒழுங்காகச் சேர்க்கட்டும் என்பேன். உறைநிலைப் பெட்டி பிறகு வரட்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): பெயர் வெளியே போகாதா? கொடுத்த பிறகு மனம் மாறினால்?

மாதிரியில் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். அது யாருடையது என்ற பட்டியலை வேறாகப் பூட்டி வைக்க வேண்டும். 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் ஐயா, டிஎன்ஏ தானே ஓர் அடையாளம். ‘யாராலும் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது’ என்று எழுதியிருந்தால் நான் நம்பமாட்டேன். மனம் மாறினால் மிச்சத்தை அழிக்கச் சொல்லலாம். வெளிவந்துவிட்ட முடிவுகளிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

கேள்வி: பணம் தருவார்களா?

மாட்டார்கள். ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் புற்றுநோயாளியிடம் 1951 இல் பால்டிமோரில் கேட்காமலே கலங்களை எடுத்தார்கள். அவற்றால் லாபம் பார்த்ததாக ஒரு நிறுவனத்தின் மீது குடும்பம் போட்ட வழக்கு 2023 இல்தான் சமரசமானது. வணிகப் பயன்பாடு பற்றிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள்.

கேள்வி (தெமட்டகொடை): அப்பா இறந்து ஆறு வருடம். அவருடைய கட்டி இன்னும் இருக்குமா? எனக்கும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இருக்கலாம். பழைய நோயியல் றிப்போட்டைத் தேடுங்கள். அதிலுள்ள ஆய்வுகூட எண் இருந்தால்தான் அலுமாரியில் தேட முடியும், பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாடு. றிப்போட் கிடைத்ததும் முதலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய மை மங்கிவிடும்.