ஓர் அண்ணனை நம்பியிருக்கும் அடுக்குமாடியில் தலைமையை வளர்ப்பது எப்படி?

கேள்வி: கோலாலம்பூரின் செந்தூலில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறோம். சுமார் அறுபது தமிழ்க் குடும்பங்கள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது. சில பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரச் சிக்கல். எது நடந்தாலும் ஓர் அண்ணனிடம்தான் ஓடுவோம். அவரும் வீடு மாறப் போகிறார். உடனே சங்கம் பதிவு செய்யலாமா?

பதில்: பதிவு தேவைதான். ஆனால் அதையே முதல் வேலையாக வைத்தால், தீபாவளி விருந்துக்கு மட்டும் கூடும் இன்னொரு சங்கமாக அது முடிந்துவிடும். முதலில் வீடு வீடாகப் போங்கள். இருவர் இருவராக, ஒருவராவது பெண்ணாக. ஓர் இரவுக்கு ஆறு வீடு என்றால் பத்து இரவில் அறுபதும் முடியும். இரவு எட்டு மணிக்குமுன் போனால் வேலைக்குப் போனவர்கள் பலர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

"என்ன உதவி வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அரிசி, பள்ளிச் சீருடை, உதவித்தொகை என்று பட்டியல் நீளும். நீங்கள் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர் என்ற நிலை முதல் நாளே வந்துவிடும். எது உங்களை அதிகம் வருத்துகிறது, எப்போதிருந்து, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கடைசியாக, "இராத்திரியில் அவசரம் என்றால் உங்கள் மாடியில் யார் கதவைத் தட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். எந்தப் பெயர் நாலைந்து வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அவர்தான் அந்த மாடியின் பிரதிநிதி. பெரும்பாலும் அது கூட்டத்தில் உரக்கப் பேசுபவராக இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவாக இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர் போதும். இந்தச் சுற்றில் அடையாள அட்டை எண் எதையும் வாங்காதீர்கள். எழுதினால் மக்கள் அஞ்சுவார்கள், நோட்டுப் புத்தகம் தொலைந்தால் வம்பு.

அடுத்து, முதல் போராட்டம் எது? இங்கேதான் நல்ல குழுக்கள் பல சறுக்குகின்றன. பிறப்புப் பத்திரம் மனத்தை அறுக்கும் விஷயம் என்பதால் அதையே முதலில் எடுப்பார்கள். ஆனால் தாமதப் பதிவாகட்டும், அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை விண்ணப்பமாகட்டும், ஒவ்வொன்றும் தனித்தனி வழக்கு; வருடக்கணக்கில் இழுக்கும். அந்த விண்ணப்பத்துக்கான வயது வரம்பை நெருங்கும் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதி, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அவர்களை உடனே அழைத்துப் போங்கள். அசல் பத்திரத்தை மட்டும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. குழுவின் முதல் வெற்றிக்கு லிஃப்ட்தான் பொருத்தம். எல்லோரையும் தொடுகிறது, யார் பொறுப்பு என்று காட்ட முடிகிறது, ஓரிரு மாதத்தில் விடை தெரியும். மலாய்க்கார, சீன அண்டை வீட்டாரும் அதே லிஃப்டில்தான் ஏறுகிறார்கள், அவர்களையும் சேருங்கள்.

யாரிடம் கேட்பது என்பது வீட்டின் வகையைப் பொறுத்தது. மாநகர் மன்றத்தின் வாடகை பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) என்றால் கடிதம் மாநகர் மன்றத்துக்கே. வாங்கிய வீடுகள் என்றால் 2013-ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா (அடுக்குமாடி உரிமை) நிர்வாகச் சட்டம் பொருந்தும். ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சி (நிர்வாகக் கழகம்) தான் பொறுப்பு. அங்கே பராமரிப்புக் கட்டணத்தோடு, வழக்கமாக அதில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சேமிப்பு நிதிக்கும் வசூலிக்கப்படுகிறது. பெரிய பழுதுகளுக்கென்றே உள்ள நிதி அது. அதன் கணக்கைக் கேளுங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணம் பாக்கி இருந்தால் உரிமையாளருக்கு ஓட்டு இல்லை. கோபத்தில் கட்டணத்தை நிறுத்தியவர்கள் கூட்டத்தில் கைதூக்க முடியாமல் நிற்பது இதனால்தான். வாடகைக்கு இருப்பவர், உரிமையாளரிடம் பதிலாள் கடிதம் வாங்கிப் போகலாம். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக முடியும்.

புகாருக்கு முன் நான்கு வாரம் லிஃப்ட் நோட்டு எழுதுங்கள்: தேதி, நின்ற நேரம், எந்த புளோக், எப்போது சரியானது, யார் பாதிக்கப்பட்டார். "டயாலிசிஸ் போகும் பாட்டி, ஒன்பதாம் மாடி, படியில் இறக்கினோம்" என்ற ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்துப் பக்கக் கோபத்துக்கு இல்லை. கடிதம் மலாய் மொழியில், ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, பதிலுக்கு 14 நாள் கெடு. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால், அடுத்த முறை "கடிதமே வரவில்லை" என்பார்கள்.

தலைமை இந்த வேலைக்குள்தான் வளரும். தலைமைத்துவப் பயிலரங்கு மட்டும் போதாது. ஒவ்வொரு பொறுப்பிலும் இருவர் இருக்கட்டும். அலுவலக முகப்புக்குப் போகும்போது முதல் முறை அண்ணன் பேச அக்கா பார்க்கட்டும், இரண்டாம் முறை சேர்ந்து பேசட்டும், மூன்றாம் முறை அக்கா பேச அண்ணன் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காரட்டும். அந்த மூன்றாம் முறைதான் கடினம். அதிகாரி அண்ணன் முகத்தையே பார்ப்பார், அண்ணனும் குறுக்கே புகுவார். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளிடம் மலாய்க் கடிதத்தையும் கூட்டக் குறிப்பையும் கொடுங்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தலைவர் இருக்கை மாறி மாறி வரட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் பாதியில் எழுந்து போவார்கள்.

இனி பதிவு. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்புக்குப் பதிவு வேண்டும். ஆகவே அதற்குமுன் பெயர் சூட்டுவது, சந்தா வாங்குவது, லெட்டர்ஹெட் அடிப்பது எதுவும் வேண்டாம். கடிதங்களில் குடியிருப்பாளர்களாக வீட்டு எண்ணோடு கையெழுத்திடுங்கள். முதல் கோரிக்கைக்கு விடை வந்ததும் சங்கப் பதிவிலாகாவில் விண்ணப்பியுங்கள். சட்டவிதியில் ஒரு பதவிக்கு இரண்டு தவணை என்று வரம்பு வையுங்கள். காசோலைக்கு மூவரில் இருவர் கையெழுத்து. யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் போகக் கூடாது. மாதக் கணக்கு லிஃப்ட் வாசலில் ஒட்டப்பட வேண்டும். சங்கத்தின் பெயரில் கூட்டுப் பணம் (சீட்டு) பிடிக்கவே கூடாது, அது 1971 முதல் சட்டப்படி தடை.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். செயலாளர் மாறும் வருடத்தில்தான் இது தவறும். பதிவுச் சான்றிதழ், சட்டவிதி, கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, முத்திரை பெற்ற கடிதங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பழையவரும் புதியவரும் செயலவை முன் கையெழுத்திட்டு ஒப்படைக்கட்டும்.