60க்கு 120 டைல்: கிளிப்புக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மறுவிற்பனையில் நாலறை வீடு வாங்கியிருக்கிறோம். கூடத்துக்கும் சமையலறைக்கும் 60க்கு 120 சென்டிமீட்டர் போர்சலின் டைல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒரு குத்தகைக்காரர், லெவலிங் கிளிப் போட்டால் கூலி கூடும், அது இல்லாமலே நன்றாகப் போடலாம் என்கிறார். இன்னொருவர், கிளிப் போட்டால் போதும், பழைய தரை எப்படி இருந்தாலும் சமமாகிவிடும் என்கிறார். யாரை நம்புவது? அடுப்பு மேடைக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் நானும் கணவரும் சேர்ந்து ஒட்டலாம் என்று ஆசை. அதற்கு என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? எல்லாம் தீபாவளிக்குள் முடிய வேண்டும்."

சகோதரி, டைல் விளிம்புகளை ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கும் அந்தக் கிளிப்பைப் போடச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய டைலுக்கு அது தேவைதான், கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தரை எப்படி இருந்தாலும் கிளிப் சமப்படுத்திவிடும் என்று சொன்னவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். அவர் கருவியின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்தத் தவறு வேலை முடிந்த அன்று தெரியாது, பிறகுதான் தெரியும்.

கிளிப்பை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். தட்டையான அடிப்பகுதி டைலுக்குக் கீழே பசைக்குள் போகும். காகிதம்போல் மெல்லிய கழுத்து இரண்டு டைல்களின் இடுக்கில் நிற்கும். மேலே உள்ள துவாரத்தில் ஆப்பைச் செருகி இடுக்கியால் இறுக்கும்போது, அடிப்பகுதி தாழ்ந்த டைலின் விளிம்பைக் கீழிருந்து தூக்குகிறது, ஆப்பு உயர்ந்த டைலின் விளிம்பை மேலிருந்து அழுத்துகிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. பசை இறுகும்வரை அவற்றை அப்படியே பிடித்துக்கொள்கிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

தரையில் பள்ளம் இருந்தால் என்ன ஆகும்? பள்ளத்தின் மேல் உள்ள டைலை கிளிப் இழுத்துத் தூக்கும். டைல் மேலே வரும், பசை கீழேயே நிற்கும். நடுவில் ஒரு வெற்றிடம். மேலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி அழகான தரை. விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்று ஒலி கேட்கும். அந்த இடத்தில் கனமான பாத்திரம் ஒன்று விழுந்தால் டைல் விரிசல் விடும். குளிர்காலத்தில் அதைவிடப் பெரிய தொல்லையும் வரலாம்.

நம் ஊரில் என்ன குளிர்காலம் என்று கேட்காதீர்கள். 2018 ஜனவரியில் தொடர்மழையால் வெப்பநிலை இறங்கியபோது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் தரை டைல்கள் திடீரென்று கிளம்பி, கூடாரம்போல் மேலெழுந்து நின்றது செய்திகளில் வந்தது. குளிரும்போது கான்கிரீட் தளம் டைலைவிட அதிகமாகச் சுருங்குகிறது. நாட்பட நாட்படவும் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். டைல்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். நகர இடமில்லாதபோது, எங்கே பிடிப்பு குறைவோ அங்கே கிளம்பும். ஆகவே இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைலுக்கும் டைலுக்கும் நடுவே 2 முதல் 3 மிமீ இடுக்கு இருக்கட்டும். 'கோடே தெரியாமல் ஒட்டித் தாருங்கள்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அப்புறம், சுவரை ஒட்டித் தரையில் சில மிமீ இடைவெளி விட்டு, அதைச் சிமென்டால் அடைக்காமல் ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மறைக்கச் சொல்லுங்கள்.

கிளிப்பைப் பற்றிப் பேசும் முன் குத்தகைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரு 2 மீட்டர் அலுமினிய மட்டக்கோல். அதைத் தரையில் நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோலுக்கு அடியில் 3 மிமீக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் முதலில் தரையை நிரவ வேண்டும். மேடு என்றால் தேய்க்க வேண்டும், பள்ளம் என்றால் நிரப்ப வேண்டும். பெரிய டைல் வேலையில் பாதி வெற்றி இங்கேதான்.

உங்களுடையது மறுவிற்பனை வீடு என்பதால், பழைய டைலின் மேலேயே புதியதை ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வீவக விதிப்படி தரைப் பூச்சும் அதன் அடியில் உள்ள சிமென்ட் படுகையும் சேர்ந்து 50 மிமீயைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் சம்மதிக்க வேண்டாம். பழைய டைல் வெற்று ஒலி கொடுக்கும் இடங்களில் மேலே ஒட்டவே கூடாது. தரை வேலைக்கு வீவக அனுமதி வேண்டும். குத்தகைக்காரர் வீவகவிடம் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பசை. போர்சலின் டைல் மிக அடர்த்தியானது, தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. பழைய மண் ஓட்டு டைலுக்குப் போட்ட வெறும் சிமென்ட் கலவை இதன் முதுகில் பிடிக்காது. பசைப் பையில் 'சி2' (C2) என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே 'இ' (E) இருந்தால் விரித்த பசை சீக்கிரம் காயாது, நம் வெக்கைக்கு அது நல்லது. 'டி' (T) இருந்தால் சுவரில் டைல் வழுக்கி இறங்காது. 'எஸ்1' (S1) இருந்தால் இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டைலின் விலையில் பிடியுங்கள், பசையில் வேண்டாம்.

பசையைப் பல் வைத்த கரண்டியால் விரிக்க வேண்டும். இந்த அளவு டைலுக்கு 12 மிமீ பல் சரியாக இருக்கும். கோடுகள் எல்லாம் ஒரே திசையில், டைலின் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். அப்போதுதான் டைலை அழுத்தும்போது காற்று குறைந்த தூரத்தில் வெளியேறும். வட்ட வட்டமாகச் சுழற்றி விரித்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து மேலே டைலை அமுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் செய்யப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டைலின் முதுகிலும் மெல்லிய படலமாகப் பசை தடவ வேண்டும். முதல் டைலை வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக இப்படியும் அப்படியும் லேசாக நகர்த்தி அமுக்கிய பிறகு, உறிஞ்சுக் கப் வைத்துத் திரும்பத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். பல் கோடுகள் அப்படியே தெரிந்தால் பசை போதவில்லை. ஒரு டைலைத் தூக்கிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், நல்ல ஆள் முகம் சுளிக்க மாட்டார்.

இப்போது கிளிப். மூலையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி முதலாவது, அப்புறம் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. உங்கள் டைலுக்கு நீளப் பக்கத்தில் ஐந்து, குறுகிய பக்கத்தில் மூன்று. பக்கத்து டைலோடு விளிம்பைப் பகிர்ந்துகொள்வதால் கணக்குக்கு ஒரு டைலுக்கு எட்டு கிளிப் வரும். 10 சதுர மீட்டருக்குச் சுமார் 14 டைல், அதாவது 112 கிளிப். நூற்று முப்பதாக வாங்கினால் உடைசலுக்கும் சேர்த்துச் சரியாகப் போகும். ஆப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கிளிப் ஒரு தடவைக்குத்தான். டைலின் தடிமனுக்கு ஏற்ற கிளிப்தானா, கழுத்தின் தடிமன் நீங்கள் விரும்பும் இடுக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1 மிமீ கழுத்துள்ள கிளிப்பானால் 2 மிமீ இடுக்கைக் காக்க ஸ்பேசரும் தனியாக வேண்டும்.

ஆப்பை இறுக்குவதில் ஒரு அளவு இருக்கிறது. இரண்டு விளிம்பும் சமமானதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இறுக்கினால் கிளிப் அறுந்துவிடும், இல்லையென்றால் நான் முதலில் சொன்ன வெற்றிடத்தை நாமே உண்டாக்குவோம். கிளிப்பைச் சுற்றி இடுக்கில் பிதுங்கும் பசையை ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுக்கப் போனால் டைலின் ஓரம் சிதறும். 24 மணி நேரம் கழித்து, இடுக்கு ஓடும் திசையிலேயே ரப்பர் சுத்தியலால் தட்டினால் கிளிப் கழுத்தில் முறியும். குறுக்கே தட்டக் கூடாது.

நீளமான டைல்களில் நடுப்பகுதி மிக லேசாக வளைந்திருப்பது சாதாரணம். பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் தெரியும். அதனால் செங்கல் அடுக்குபோல் பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்காமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள். ஒன்றின் மேடான நடுப்பகுதி இன்னொன்றின் தாழ்ந்த முனையோடு சேரும்போது வரும் படியை எந்தக் கிளிப்பும் முழுதாகச் சரிசெய்யாது. இன்னொன்று: தரை நீர்த்துளையை நோக்கிச் சரிய வேண்டிய இடத்தில் பெரிய டைலே பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் கிளிப்பின் குணம், அங்கே நமக்கு வேண்டியது சரிவு. அந்த இடத்துக்குச் சின்ன டைல் போடுங்கள்.

வேலை முடிந்ததும் நீங்களே சோதிக்கலாம். கட்டட, கட்டுமான ஆணையத்தின் 'கான்குவாஸ்' தர மதிப்பீட்டில் இரண்டு டைல்களுக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் 1 மிமீக்கு மேல் போகக் கூடாது. ஒரு இரும்பு ஸ்கேலை உயர்ந்த டைலின் மேல் அழுத்தி, பாதி தாழ்ந்த டைலின் மேல் நீட்டி வையுங்கள். வங்கி அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மிமீ. எழுத்துப் புடைப்பில்லாத ஒற்றை அட்டை ஸ்கேலுக்கு அடியில் நுழையாவிட்டால் கவலையில்லை. இரண்டு அட்டை சேர்ந்து நுழைந்தால் திருத்தச் சொல்ல உங்களுக்கு நியாயம் உண்டு.

சரி, அடுப்படிச் சுவருக்கு வருவோம். இது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். தொடங்கும் முன் வீவக இணையத்தளத்தில் புதுப்பிப்பு வேலைப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் லெவலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கூடம் முழுக்க நேர்கோடு பிடிக்கத்தான் அது தேவை, அதைக் குத்தகைக்காரர் கொண்டுவருவார். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே உள்ள சின்னச் சுவருக்கு 60 சென்டிமீட்டர் ரசமட்டமே போதும். கடையிலேயே அதைச் சோதித்து வாங்குங்கள்: ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள், இடம் வலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி உங்கள் பார்வைக்கு அதே பக்கத்தில் அதே அளவு நின்றால் நல்ல மட்டம்.

அதோடு 6 அல்லது 8 மிமீ பல் கரண்டி, ஸ்பேசர், ரப்பர் சுத்தியல், கையால் கீறி உடைக்கும் டைல் வெட்டி, ஒரு வாளி, ஸ்பஞ்ச். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் எல்லாமே கிடைக்கும். 30க்கு 60 சென்டிமீட்டருக்குள் உள்ள டைல் எடுத்தால் கிளிப் இல்லாமலே சமாளிக்கலாம். சுவர் டைல் மெல்லியது, புதுக்கை ஆப்பை இறுக்கும்போது விளிம்பு உடைய வாய்ப்பு அதிகம்.

அடுப்பு மேடை மட்டமாக இருக்கிறது என்று நம்பி அதன்மேல் முதல் வரிசையை வைக்காதீர்கள். மேடையின் முழு நீளத்துக்கும் ரசமட்டம் வைத்துச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். மேடையின் தாழ்ந்த இடத்தில் டைலுக்கு அடியில் ஆப்பு ஸ்பேசரை நுழைத்து டைலைக் கோட்டுக்குத் தூக்குங்கள். அடியில் வரும் இடைவெளியைக் கடைசியில் சிலிக்கானால் மூடுங்கள். அந்த மூலையில் க்ரௌட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) போட்டால் விரிசல் விடும். சுவரின் நடுவிலிருந்து தொடங்கினால் இரண்டு ஓரத்திலும் வெட்டுத் துண்டு ஒரே அளவில் வரும். பசையைக் கைக்கு எட்டும் தூரத்துக்கு மட்டும் விரியுங்கள். விரலால் தொட்டு ஒட்டவில்லை என்றால் அது மேலே காய்ந்துவிட்டது, சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக விரியுங்கள்.

மின்குதை (பிளக் செருகும் இடம்) இருக்கும் இடத்தில் அவசரப்பட வேண்டாம். டைல் ஒட்டும்போது மெயின் சுவிட்ச்சை அணைத்து வையுங்கள். மின்குதையைக் கழற்றி முன்னால் கொண்டுவரும் வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் விடுங்கள்.

நம் சமையலுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சாதாரண சிமென்ட் க்ரௌட் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது எபாக்சி க்ரௌட் போடுங்கள். விலை கூடுதல், சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், டைல் முகத்தில் பட்டதை உடனே துடைக்க வேண்டும். சாம்பார் தெறிக்கும் சுவருக்கு அந்தச் சிரமம் தகும்.

தீபாவளிக் கணக்கு இப்படி: உடைப்பது, இயந்திரத்தால் டைல் வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறை மட்டுமல்லாமல் தீபாவளிக்கு முந்தின நாளும் கூடாது. சத்தமில்லாத வேலையைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை செய்யலாம். உங்கள் சுவருக்குக் கை வெட்டியைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், சனிக்கிழமையிலும் வேலை நடக்கும். தரை முதலில் முடியட்டும், சுவர் பிறகு. டைல் பதித்து 24 மணி நேரத்துக்கு அதன்மேல் யாரும் நடக்க வேண்டாம். மறுநாள் கிளிப்பை முறித்து க்ரௌட் போடலாம். குளிர்பதனப் பெட்டியையும் அலமாரிகளையும் உள்ளே நகர்த்த இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஆகவே கடைசி டைல் தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலாவது பதிந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.