வேலைக்கும் கேமிங்குக்கும் ஒரே கணினி: எந்தப் பாகத்தை முதலில் தீர்மானிப்பது?

பகலில் நிரல் எழுதி வீடியோ எடிட் செய்யவும், இரவில் கேம் விளையாடவும் ஒரே கணினியை அசெம்பிள் செய்யப்போவதாகவும், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம் எல்லாம் முடிவான பிறகு மிஞ்சுகிற தொகையில் மானிட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மானிட்டரைக் கடைசியில் வைக்காதீர்கள் என்பதே என் பதில். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் திரைதான் தீர்மானிக்கிறது. அந்தக் கார்டைப் பொறுத்தே பவர் சப்ளையும் கேபினெட்டும் அமைகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சம். அதாவது முதலாவதைப் போல் 4கே சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை பிக்சல்களையும் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க, ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லி விநாடிக்கும் சற்றுக் குறைவான நேரமே அதற்குக் கிடைக்கிறது.

கேமைவிட எழுத்து வாசிக்கும் நேரமே உங்களுக்கு அதிகம் என்பதால், எழுத்தின் தெளிவையும் பாருங்கள். நான் சில ஆண்டுகள் 27 அங்குல 1080பி (1920×1080) திரையில் வேலை செய்தேன். அங்குலத்துக்கு 82 பிக்சல்கள்தான் அதில் உண்டு. சிறிய எழுத்தில் தமிழ் வாசிக்கும்போது ‘க்’, ‘ந்’ ஆகியவற்றின் மேற்புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘ணை’யின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகத் தெரியும், மாலைக்குள் கண் எரியத் தொடங்கிவிடும். அதே அளவில் 1440பி (2560×1440) திரைக்கு மாறியபோது அடர்த்தி 109 ஆனது. புள்ளி தனியாக நின்றது, இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கவும் இடம் கிடைத்தது. ஆகவே 27 அங்குலம், 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், கூடவே கார்டின் வேகத்துக்கேற்பத் திரையும் இசைந்து ஓடும் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் வசதி என்பதே உங்களுக்கு நான் சொல்லும் அளவு.

பேனலில் ஐபிஎஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் நகரும் உருவங்களின் பின்னால் நிழல் இழுபடுவதைப் பல மாடல்களில் காணலாம். ஓஎல்இடி திரையின் அழகை நான் மறுக்கவில்லை. இருப்பினும் டாஸ்க்பாரும் எடிட்டரின் ஓரப்பட்டைகளும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் வேலையில் அந்தத் தடம் திரையில் நிலைத்துவிடும் அபாயம் உண்டு. அதன் துணைப் பிக்சல்களின் அமைப்பால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவும் தெரியலாம்.

திரை முடிவானால் கார்டு எளிது. 1440பி கேமிங்கோடு வீடியோ எடிட்டிங்கும் இருப்பதால் 12 ஜிபி நினைவகத்துக்குக் குறையாமல், இயன்றால் 16 ஜிபி உள்ளதாக வாங்குங்கள். உங்கள் மென்பொருள், என்விடியா கார்டுகளில் மட்டும் இயங்கும் ‘கூடா’ (CUDA) என்ற தொழில்நுட்பத்தை நம்பியிருந்தால் என்விடியாவைத் தவிர வேறு வழியில்லை. அதை முதலிலேயே சரிபாருங்கள்.

பிராசசரில்தான் கேமும் வேலையும் இருவேறு திசைகளில் இழுக்கின்றன. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்றவற்றில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருப்பதால் கேம்களில் அவை மிக வேகமானவை. வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கோ பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையே பெரிதும் உதவுகிறது. 1440பி-யில் உயர்ந்த கிராபிக்ஸ் அமைப்போடு ஆடும்போது சுமையின் பெரும்பகுதி கார்டின் மீது விழுந்து, பிராசசர்களுக்கிடையிலான வேறுபாடு சுருங்கிவிடுகிறது. ஆகையால் எடிட்டிங் உங்கள் பிழைப்பாக இருந்தால் கோர்கள் கூடுதலாக உள்ளதையே எடுப்பேன். ரைசன் பிராசசர்களுக்கென 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும்; பழைய டிடிஆர்4 ராமை அதற்குப் பயன்படுத்த முடியாது.

ராம் 32 ஜிபி, இரண்டு 16 ஜிபி குச்சிகளாக வாங்குங்கள். நான்கு குச்சிகள் செருகினால் டிடிஆர்5 பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடாது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் வழக்கமாகப் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் இவற்றுக்குரிய இடங்கள், கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ராமை அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) இயக்க மறக்க வேண்டாம். 6000 வேகத்துக்கு வாங்கிய என் ராம், இதைச் செய்யாததால் பல மாதங்கள் 4800-இலேயே ஓடிக்கொண்டிருந்ததை டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, பிசிஐஇ 4.0 வகையில் 1 அல்லது 2 டிபி போதும். பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது பழுதானால் மற்றப் பாகங்களையும் பாதிக்கக்கூடும் என்பதால், கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட்டுக்குச் சற்று மேலாக, நம்பகமான மாடலாக வாங்குங்கள்.

எல்லாவற்றையும் பொருத்தியபின் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருகுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புகளில் ரிப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை 60-இலேயே நிற்பது மிகச் சாதாரணம். அதை மாற்றிவிட்டு மவுஸை வேகமாக வட்டமிட்டுச் சுழற்றினால், முன்பு எட்டி எட்டித் தெரிந்த அம்புக்குறியின் தடங்கள் நெருங்கி வருவதை உடனே காண்பீர்கள்.