கட்டின ஃபீஸில் நூலகமும் சேர்த்திதான்

கேள்வி: பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். கடல்பாசியும் அதை எடுக்கும் பெண்களும்தான் புராஜெக்ட். எங்கம்மாவும் பாசிக்குப் போகிறவர். நூலகம் நாலு மாடி. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். கவுன்ட்டரில் கேட்கக் கூச்சம். இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். இங்கிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி, பாதி வேலையை ஊரிலிருந்தே முடிக்கலாம். அதற்கு முன்னால் ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைப்பு ஒரே அலமாரியில் இருக்காது. நம்மூர் நூலகங்கள் பலவற்றில், தலைப்புவாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி எண் முறைதான். அதில் பாசியினம் 579.8, மீன்பிடித் தொழில் 639, பெண் தொழிலாளர்கள் 331.4. ஒன்று அறிவியல் மாடியில் இருக்கும், இன்னொன்று பொருளாதாரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாசிக்குப் பழைய எண் 589.3, 1996-ல் வந்த பதிப்பில்தான் அதை 579.8-க்கு மாற்றினார்கள். பழைய புத்தகங்களின் முதுகில் ஒட்டிய சீட்டை எந்த நூலகமும் அவ்வளவு சீக்கிரம் கிழித்து மாற்றாது, அதனால் நல்ல பழைய புத்தகம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தூசியோடு நிற்கும். இரண்டு இடத்திலும் பாருங்கள். மாடி ஏறும் முன் ‘ஓபேக்’ என்கிற கணினிப் பட்டியலில் தேடி, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கால் வலி மிச்சம். பட்டியலில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று அடித்தால் ஒன்றும் வராது. கிராசிலேரியா எடுலிஸ், ஜெலிடியெல்லா அசரோசா என்று அவற்றின் அறிவியல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

சரி, ஊரிலிருந்து என்ன செய்யலாம்? நூலகம் காசு கட்டி வாங்குகிற ஆய்விதழ்களை உங்கள் பல்கலைக்கழகப் பயனர் பெயரை வைத்து வீட்டிலிருந்தே திறக்கலாம், பாம்பனில் சிக்னல் கிடைத்தால் போதும். இன்ஃபெட் என்கிற பொது லாகின் ஏற்பாட்டில் பல இடங்களில் இது நடக்கிறது. கணக்கு இல்லையென்றால் நூலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னும் யோகம்: 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவன மாணவர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர் கேட்கிறான் என்று தளத்தை மூடிவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இதழ்களுக்கும் முன்னால் சோத்கங்கா என்கிற தளத்தைத் திறந்து பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அதில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இருக்கின்றன, கணக்குகூட வேண்டாம். உங்கள் தலைப்புக்குக் கிட்டத்தில் ஒன்றை எடுத்து, கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை முதலில் படியுங்கள். அவர் வருடக்கணக்கில் தேடியதெல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும்.

அப்புறம், பக்கத்திலேயே புதையலை வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறியிருக்கிறீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது, இப்போதும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. அவர்களுடைய பழைய அறிக்கைகள், கட்டுரைகள் ஏராளமாக ‘இபிரின்ட்ஸ்’ தளத்தில் இலவசம். நேரில் போவதானால் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் அனுமதி கேளுங்கள்.

கூச்சம் பற்றி ஒன்று. கவுன்ட்டரில் இருப்பவர் சம்பளம் வாங்குவதே உங்களுக்குப் பதில் சொல்லத்தான். ஆனால் “பாசி பத்தி புக் இருக்கா சார்” என்றால், “மூணாவது மாடி போய்ப் பாரும்மா” என்று கையைக் காட்டிவிடுவார். “மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் பற்றி 2010-க்குப் பிறகு வந்த கட்டுரைகள் வேண்டும், எந்தத் தளத்தில் தேடலாம்?” என்று கேட்டுப் பாருங்கள், எழுந்து வந்து கணினியில் உட்கார்ந்து காட்டுவார். அங்கே இல்லாத புத்தகத்தை டெல்நெட் மாதிரி அமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்றும் கையோடு கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தொண்டி. மகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். எட்டாயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கணும் என்கிறான். தடைக்காலம் முடிந்து இப்போதுதான் படகு கடலுக்குப் போகிறது. வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணே. பாடப்புத்தகங்களை நூலகத்தில் தனிப் பிரிவாக வைத்திருப்பார்கள், வீட்டுக்குத் தராவிட்டாலும் உட்கார்ந்து படிக்கலாம். சில இடங்களில் ‘புக் பேங்க்’ உண்டு, செமஸ்டர் முழுக்க வைத்துக்கொண்டு திருப்பித் தரலாம். தம்பியைப் பட்டியலோடு போய் நூலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எதெது இல்லையோ அதை மட்டும் வாங்கினால் போதும், அதிலும் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: கீழக்கரை. படிப்பு முடிந்ததும் நூலக லாகின் நின்றுபோச்சு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பழைய மாணவன் என்று கேட்டால் திறந்து விடுவார்களா?

பதில்: லாகின் கிடைப்பது கஷ்டம் தம்பி, பதிப்பகங்களோடு போடுகிற ஒப்பந்தம் பெரும்பாலும் இப்போது அங்கே படிக்கிறவர்களுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கும் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்து படிக்க முன்னாள் மாணவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் விடுகின்றன, கேட்டுப் பாருங்கள். போட்டித் தேர்வுக்கு அவ்வளவு தூரம் போவானேன், ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகமே போதும். அப்புறம், சேரும்போது கட்டிய நூலக முன்பணத்தைத் திரும்ப வாங்கினீர்களா? பாக்கி எதுவும் இல்லை என்கிற ‘நோ டியூஸ்’ கையெழுத்து வாங்கியதோடு நிறைய பேர் அதை மறந்துவிடுகிறார்கள். ரசீது இருந்தால் எழுதிக் கேளுங்கள்.